இடது முன்தண்டு

சபாபதி நின்ற இடத்தில் தரை இறங்கியது. தக்காளி கிலோ நூறைத் தாண்டிய அந்த ஆடி மாதத்தில், கடலூர் முதுநகரில் இது தொடங்கியது. முதலில் அரை அங்குலம்தான். காலையில் வாசலில் நின்று பல் தேய்த்துவிட்டு அவன் உள்ளே போனால், நின்ற இடத்தில் இரண்டு பாதங்களும் சிமென்டில் அச்சாகப் பதிந்திருக்கும். அவன் மனைவி வெண்மதி, வீடு கட்டிய கொத்தனாரைக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தாள். கொத்தனார் குந்தி உட்கார்ந்து பார்த்து, மணலில் உப்பு இருந்திருக்கும், கடலோரத்து மணல் அப்படித்தான் என்று சொல்லி, ஒரு சட்டி கலவை போட்டுப் பூசிவிட்டுப் போனார். மறுநாள் சபாபதி பூசிய இடத்துக்குப் பக்கத்தில் நின்று பல் தேய்த்தான். அங்கேயும் இறங்கியது.

அவன் பருமனான ஆள் கிடையாது. ரேஷன் கடை எடை மெஷினில் ஏறி நின்றபோது அது அறுபத்திரண்டு என்றது. தரை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனக் கம்பெனியில் அவன் பாய்லர் ஆபரேட்டர். அங்கே அவன் நடமாடும் இரும்புக் கிராதித் தளம் வளைந்தபோது சூப்பர்வைசர் துருவைக் குற்றம் சொன்னார். அவனுடைய வண்டி பின்பக்கம் அமுங்கியபோது மெக்கானிக் ஷாக் அப்சார்பரை மாற்றினார், அடுத்த மாதம் மறுபடியும் மாற்றினார். மாமியார் தைராய்டு என்றார். கட்டில் முறிந்த பிறகு அவன் தரையில் பாய் போட்டுப் படுத்தான். கொஞ்ச நாளில் பாய்க்கு அடியில் தரை வாணலி மாதிரிக் குழிந்தது. மூன்றாவது படிக்கும் அவன் மகள் பொன்னி பந்தை எங்கே உருட்டினாலும் அது அப்பா படுத்திருக்கும் இடத்துக்கே வந்து சேர்ந்தது. அவளுக்கு அது ஒரு வசதியாக இருந்தது. இப்படி ஆளாளுக்கு ஒரு காரணம் கையில் வைத்திருந்ததால் சபாபதியிடம் கேட்க யாருக்கும் எதுவும் இல்லாமல் போயிற்று.

அந்தத் தெருவில் ஒரு முத்துமாரியம்மன் கோயில் உண்டு. மாசி மகத்தன்று சுற்றுவட்டார ஊர்ச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்காகத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வரும். இப்போது முக்கால்வாசி சாமிகள் டிராக்டரிலும் குட்டியானை வண்டியிலும் வந்து இறங்குகின்றன. இந்தத் தெரு மட்டும் அம்மனைத் தோளில்தான் தூக்கிப்போகும். அதில் அவர்களுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பல்லக்குக்கு இரண்டு நீளத் தண்டுகள். தூக்குகிறவர்களுக்குப் பக்கத்திலேயே மாற்று ஆட்கள் வெறும் தோளோடு நடந்து வருவார்கள். தூக்குகிறவனுக்கு முடியாமல் போனால் ‘தோளு’ என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். மாற்று ஆள் தண்டுக்கு அடியில் தன் தோளைக் கொடுத்துவிட்டு, ‘வந்துட்டேன், விடு’ என்பான். அதற்குப் பிறகுதான் முதல் ஆள் விலகலாம். ஏன் என்று கேட்கக் கூடாது, கேலி பண்ணக் கூடாது, கேட்டவனைத் தாமதிக்க வைக்கக் கூடாது. பல்லக்கு தரையைத் தொடாமல் கடல்வரைக்கும் போய்த் திரும்புவது இந்த ஏற்பாட்டினால்தான்.

இடது முன்தண்டு அருண்குமாருடையது. துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவன், நல்ல ஆகிருதி, சிரித்த முகம். அவன் ஒரு மாசி மகத்தில்கூடத் தோள் கேட்டதில்லை. கோயிலிலிருந்து கடல்வரை, கடலிலிருந்து கோயில்வரை ஒரே தோள். ஊரே அதைச் சொல்லிச் சொல்லி மெச்சியது. அவனுக்கு மாற்று ஆளாகப் பக்கத்தில் நடந்தவன் சபாபதி. வருடா வருடம் மடித்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த ஒரு சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு, சும்மாவே நடந்து போய்ச் சும்மாவே திரும்பி வந்தான்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் அருண்குமார் செத்துப்போனான். தானாகத்தான் போனான். தீராத வயிற்று வலி என்று வீட்டில் சொன்னார்கள், போலீஸில் அதையே எழுதிக்கொண்டார்கள், மறுநாள் பேப்பரிலும் அதுவே வந்தது. நம் மாவட்டத்தில் இப்படிப் போகிறவர்கள் எல்லோருக்கும் வயிற்று வலி இருந்திருக்கிறது. பரீட்சையில் தோற்ற பிள்ளைக்கும் வயிற்று வலி, கல்யாணமான ஆறாம் மாதம் போன பெண்ணுக்கும் வயிற்று வலி. இவ்வளவு வயிறுகள் வலிக்கிற மாவட்டத்தில் ஒரு வயிற்று டாக்டரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. டீக்கடைச் சுவரில் தெருப் பையன்கள் பேனர் கட்டினார்கள். ‘ஒருநாளும் தோள் மாற்றாத மாவீரனுக்குக் கண்ணீர் அஞ்சலி’ என்று அதில் பெரிய எழுத்தில் இருந்தது. அருண்குமாரின் அம்மா பட்டம்மாள் காரியம் முடிந்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டார். பால் பாக்கெட் எடுக்க மட்டும் திறந்தார்.

அதற்கடுத்த மாதம்தான் சபாபதியின் காலடியில் தரை இறங்க ஆரம்பித்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மாசி மகம் வந்தது. இடது முன்தண்டு சபாபதிக்கு வந்தது. பல்லக்கு அந்தத் தெருவைத் தாண்டுவதற்குள்ளேயே இடப்பக்கம் சாய்ந்தது. பூக்காரத் தெரு முனையில் அம்மனின் கிரீடம் நழுவிக் காதோரம் நின்றது. அம்மாவுக்குக் கோபம் என்றார் பூசாரி. அந்த வருடம் முழுக்க அந்தக் கோபத்தைத் தணிக்கிற வேலை நடந்தது. கூழ் ஊற்றினார்கள். நூற்றெட்டுக் குடம் பால் ஊற்றினார்கள். இடது தண்டில் தோஷம் என்று ஒருவர் சொன்னதால் நெல்லிக்குப்பம் பக்கத்துத் தோப்பிலிருந்து புது மரம் வெட்டி வந்து இழைத்துப் போட்டார்கள். அம்மனுக்குப் புது வர்ணம் அடித்தார்கள். கடைசியில் பூசாரியையே மாற்றிவிட்டார்கள். பாவம், அவர் திண்டிவனம் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். எல்லோரும் மேலே, அம்மனின் முகத்தையே பார்த்தார்கள். தண்டுக்குக் கீழே ஒருவன் கணுக்கால்வரை தார் ரோட்டில் புதைந்து நடப்பதை யாரும் குனிந்து பார்க்கவில்லை. சபாபதியும் சொல்லவில்லை. அருண்குமார் தூக்கிய தண்டில் தோள் கேட்கிற முதல் ஆளாக இருக்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

அடுத்த மாசி மகத்தில் சாய்வு இன்னும் ஜாஸ்தி. கடற்கரைக்குப் போய், சூலத்தைக் கடலில் நனைப்பதற்காகப் பல்லக்கோடு அலைக்குள் இறங்கினார்கள். ஈர மணலில் சபாபதி முழங்கால்வரை போனான். ஒவ்வொரு அலை வடியும்போதும் மற்றவர்கள் காலைப் பிடுங்கி மாற்றி வைத்தார்கள். அவன் வைக்கவில்லை. இப்படியே இறங்கிக்கொண்டு போனால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, கடல் இழுத்துக்கொண்டது என்று சொல்லிவிடுவார்கள், வயிற்று வலி என்றுகூடப் பேப்பரில் வராது என்று அவன் நினைத்தான். நினைத்தபோது பயமாக இல்லை, அதுதான் கொடுமை. தோளில் தண்டு இருந்தது. அவன் போனால் மற்ற மூன்று பேர் மேல் பல்லக்கு சரியும். அந்த ஒரு காரணத்துக்காக அவன் காலைப் பிடுங்கினான். வேறு எந்தக் காரணமும் அன்றைக்கு அவனிடம் இல்லை.

கரையில் பொன்னியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற வெண்மதி, அவன் காலை எடுக்காமல் நின்றதைப் பார்த்தாள். மற்றவர்கள் அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் கீழே பார்த்தாள்.

வெண்மதி முதுநகரில் இ-சேவை மையத்தில் வேலை செய்கிறாள். அவள் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு அரசாங்கப் போஸ்டர் பல காலமாக ஒட்டியிருந்தது. மனம் சோர்ந்தால் 104க்குப் பேசுங்கள் என்று அதில் போட்டிருந்தது. சான்றிதழுக்கு வருகிற ஜனம் எல்லாம் அதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கும். அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது அவள் ஒருத்திதான். சித்திரை மாதத்தில், சர்வர் வேலை செய்யாத ஒரு மத்தியானம், அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அந்த எண்ணுக்குப் பேசினாள். எதிர்முனையில் ஒரு பெண். அதட்டாமல் கேட்டாள், அவசரப்படாமல் பதில் சொன்னாள். வீட்டில் வைத்திருக்கக் கூடாத சாமான்கள் எவை என்று சொல்லி அவற்றை அப்புறப்படுத்தச் சொன்னாள். அப்புறம், அவரிடம் நேரடியாகக் கேளுங்கள் என்றாள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே எடுத்துக் கொடுத்ததாகி விடாதா என்று வெண்மதி பயந்தாள். இல்லை, கேட்பதால் அது வருவதில்லை, ஏற்கெனவே இருந்தால் வெளியே வர வழி கிடைக்கும் என்று அந்தப் பெண் சொன்னாள்.

வெண்மதி அந்தச் சாமான்களை அன்றைக்கே தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டாள்.

“மாமா, செத்துப் போயிடலாம்னு தோணுதா?”

சபாபதி அவன் குழியில் உட்கார்ந்திருந்தான்.

“தெனமும் தோணுது,” என்றான்.

அவள் மீனைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து அந்தக் குழியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“எப்பலேர்ந்து?”

“அருண் போனதுலேர்ந்து. அதுக்கு முன்னாடியும் கொஞ்சம் இருந்துச்சி. அவன் பக்கத்துலயே நடந்தன், வெண்மதி. அவன் கூப்புடவே இல்ல.”

வெண்மதிக்கு அழுகை வந்தது, அழுதாள். பிறகு, சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அதுவரை நீ எங்கே போனாலும் நானும் வருவேன் என்றாள். சொன்னபடியே பாய்லர் ஷிப்டுக்குக் கம்பெனி வாசல்வரை வந்து, விடும் நேரத்துக்கு மறுபடி வந்து நின்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே, குழி விளிம்பிலிருந்து எழுந்து அடுப்படிக்குப் போனபோது அவள் நடந்த இடத்திலும் தரை லேசாக, நகக்கண் அளவுக்கு இறங்கியிருந்தது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

கடலூரிலேயே டாக்டர் உண்டு. ஆனால் தெரிந்தவர்கள் கண்ணில் படக்கூடாது என்றுதான் சிதம்பரம். அந்த நினைப்பு பலிக்கவில்லை. பேருந்து ஆலப்பாக்கம்வரை முனகிக்கொண்டே போனது, புதுச்சத்திரத்தில் பின்பக்கத்து டயர்கள் ஒன்றன் பின் ஒன்றாக வெடித்தன. இறங்கிய பயணிகளில் முதுநகர்க்காரர்கள் பாதிப் பேர். கண்டக்டர் ஒவ்வொருவராக இறக்கிப் பார்த்தார். சபாபதி இறங்கியதும் வண்டி தானாக ஒரு முழம் எழும்பியது. எல்லோரும் பார்த்தார்கள். எங்கே போறீங்க என்று யாரோ கேட்டார்கள். வெண்மதி வாயெடுப்பதற்குள் சபாபதி, வயித்து வலி, ஆஸ்பத்திரிக்கு என்றான். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்குத் தெரிந்தது. வெண்மதி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆலையில் கரும்பு இறக்கிவிட்டு வெறும் டிப்பரோடு திரும்பிய ஒரு டிராக்டர் அவர்களை ஏற்றிக்கொண்டது. வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது டிரைவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்து, கரும்பு ஏத்துன மாதிரி இழுக்குதே என்றார். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, நல்லபடியா காட்டிட்டு வாங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் பெயர் சிந்துஜா. சின்ன வயது. அவர் மேஜைக்கு முன்னால் நோயாளி உட்காரும் நாற்காலி. அந்த நாற்காலிக்குக் கீழே தரையில் ஏற்கெனவே நிறையக் குழிகள் இருந்தன. ஆழமானவை, மேலோட்டமானவை, குழந்தையின் பாதம் போல ஒன்று. பராமரிப்புக்காரர்கள் பூசிப் பூசி அலுத்து விட்டுவிட்டதாகத் தெரிந்தது. சபாபதி உட்கார்ந்ததும் நாற்காலி இறங்கியது. டாக்டர் தன் நாற்காலியின் உயரத்தையும் அதற்கேற்றபடி இறக்கிக்கொண்டு பேசினார். இது நோய், உங்கள் குணக்கேடு கிடையாது என்றார். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், இடையில் நிறுத்தக் கூடாது, ரொம்ப முடியாமல் போனால் எந்த நேரமானாலும் இங்கே வந்துவிட வேண்டும் என்றார். அப்புறம் எட்டி வெண்மதியின் செருப்புக்குக் கீழே பார்த்தார்.

“இவுங்களுக்கு மட்டும்தான் தெரியுமா?”

சபாபதி தலையாட்டினான்.

“ஒருத்தர் பத்தாது. இன்னும் நாலு பேருக்குத் தெரியணும். யார் யார்னு யோசிங்க.”

யோசித்தான். வைகாசி, ஆனி, ஆடி என்று மாதங்கள் போயின, யோசனை முடியவில்லை. மாத்திரையால் தூக்கம் வந்தது, பசி வந்தது, இறக்கம் கொஞ்சம் மட்டுப்பட்டது. பொன்னியோடு ஒரு நாள் கேரம் ஆடினான். பிறகு புரட்டாசியில் மறுபடி முழங்கால் அளவுக்குப் போனான்; வெண்மதி இழுத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு ஓடினாள், டாக்டர் மாத்திரையை மாற்றினார். அவளே இப்போது கணுக்கால்வரை இறங்கி நடந்தாள். இ-சேவை மையத்தில் அவளுக்கு இரண்டாவது நாற்காலியும் உடைந்தது. அந்தத் தெருவில் யாரிடமாவது சொல்லலாம் என்று அவள் கெஞ்சும்போதெல்லாம், கேலி பண்ணுவாங்க, பொன்னிய எவன் கட்டுவான் என்று அவன் பத்து வயசுப் பெண்ணின் கல்யாணத்தைக் காரணம் காட்டினான்.

தை மாதக் கடைசியில் ஒரு காலை நேரம். டீக்கடையில் மாசி மகப் பேச்சு நடந்தது. கண்ணாயிரம் இருந்தார், லாரி ஓட்டுகிறவர், பல்லக்குக்கு முன்னால் போய் வழி சொல்கிறவர். வாயில் நல்ல வார்த்தை சுலபத்தில் வராது. இந்த வருடம் அம்மனை டிராக்டரில் ஏற்றிவிடலாம், இடப்பக்கம் விழுந்து தொலைத்தால் ஊருக்கே ஆகாது என்று சிலர் சொன்னார்கள். அருண்குமார் இருந்தவரைக்கும் இந்தப் பிரச்சினை உண்டா என்று ஒருவர் பேனரைக் காட்டினார். இரண்டரை வருட வெயிலில் அருண்குமாரின் முகம் வெளிறிப்போயிருந்தது, சிரிப்பு மட்டும் தெரிந்தது. சபாபதி கையில் டீ டம்ளரோடு அதற்குக் கீழே நின்றான். மண் அவன் கெண்டைக்கால்வரை வந்திருந்தது. எதிரே வீட்டு வாசலில் வெண்மதி வேலைக்குக் கிளம்புவதற்காகச் சேறு மாதிரி இறங்கும் தரையிலிருந்து ஒவ்வொரு காலாகப் பிடுங்கிப் பிடுங்கி வைப்பது அவன் கண்ணில் பட்டது.

“தோளு,” என்றான்.

பேச்சு நிற்கவில்லை. அவன் மறுபடி சொன்னான். இந்தத் தடவை எல்லோரும் திரும்பினார்கள். கண்ணாயிரம் அனிச்சையாக அவன் தலைக்கு மேலே பார்த்தார். பல்லக்கு இல்லை, தண்டு இல்லை. பழைய பேனர்தான் இருந்தது. டீக்கடைக்காரர் சிரிக்க ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கேட்டவனைத் தாமதிக்க வைக்கக் கூடாது என்பது அந்தத் தெருவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். கண்ணாயிரம் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார், தோளில் கிடந்த துண்டை மடித்துப் போட்டுக்கொண்டார், சபாபதியின் இடது கைக்கு அடியில் தன் தோளைக் கொடுத்தார்.

“வந்துட்டேன் மச்சான். விடு.”

சொல்லி முடிப்பதற்குள் அவர் கணுக்கால்வரை தரையில் இறங்கினார். சபாபதியின் கால் ஒரு சாண் மேலே வந்தது. கண்ணாயிரத்தின் முகம் சுண்டிப்போனது. பருத்தி மூட்டை, இரும்பு, உரம் என்று வாழ்நாள் முழுக்க லோடு பார்த்த மனுஷன். இவ்ளோவாடா தூக்கிட்டு நின்ன என்று மெல்லக் கேட்டவர், தண்டில் இருக்கும்போது கேள்வி கேட்கக் கூடாது என்று நினைவு வந்து வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவரே தோளு என்றார். அடுத்தவர் வந்தார். அப்புறம் டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். வெண்மதி தெருவைக் கடந்து ஓடிவந்தாள். பாதி வழியில் அவள் கால்கள் தரையில் புதையாமல் மேலோட்டமாக வருவது அவளுக்கே தெரிந்தது. மதியம் வரை அந்த இடத்தில் டீ கிடைக்கவில்லை. யாரும் குறை சொல்லவில்லை.

அன்றிலிருந்து முறை போட்டுக்கொண்டார்கள். முறைக்காரன் சபாபதியோடு நடப்பான், கம்பெனி வாசல்வரை போவான், குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்ப்பான். புத்திமதி சொன்ன ஒருவரைக் கண்ணாயிரம் முறையிலிருந்து எடுத்துவிட்டார். சிதம்பரத்துக்குப் போகும் நாளில் தன் லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போனார்; அந்த வண்டிக்குப் பாரம் புதிதில்லை. எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. முறைக்காரர்களில் ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது, ஒருவர் மனைவி சண்டை போட்டு நிறுத்தினாள். அதே மாதத்தில் பக்கத்துத் தெருவில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் போய்ச் சேர்ந்தாள். தீராத வயிற்று வலி என்று வந்தது. துக்கத்துக்குப் போன கண்ணாயிரம் அவள் படிக்கும் மேஜைக்கு அடியில் போட்டிருந்த கால்மிதியைத் தூக்கிப் பார்த்தார். கீழே இடுப்பளவு பள்ளம் இருந்தது. அவளுடைய அப்பா அதை அப்போதுதான் பார்த்தார். அவர் அழுத அழுகையை இங்கே எழுத வேண்டாம். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் ஜனங்கள் முதலில் தரையைப் பார்க்கிறார்கள்.

இந்தச் செய்திகள் எல்லாம் பால் பாக்கெட்காரன் மூலம் பட்டம்மாளின் காதுக்குப் போயின. ஒரு நாள் சாயங்காலம் அவர் கதவு உள்ளேயிருந்து இடிபடும் சத்தம் கேட்டது. நிலைப்படி இறங்கிக் கதவு சிக்கிக்கொண்டிருந்தது. கடப்பாரை போட்டு நெம்பித் திறந்தார்கள். வாசலிலிருந்து அருண்குமாரின் கட்டில்வரை வீட்டுக்குள் ஒரு வாய்க்கால் போயிருந்தது. பட்டம்மாள் அதில் மார்பளவில் நின்றார். தெருவே கூடி நின்றது. அவர் யாரையும் பார்க்காமல் பேசினார்.

“எம் புள்ளைக்கு வயித்து வலி கெடையாது. நான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னன். மூணு மாசமா தூங்காம கெடந்தான். ஒரு தரம் ‘யம்மா, முடியல’ன்னு சொன்னான். நீ ஆம்பளடா, நீயே இப்பிடிச் சொல்லலாமான்னு கேட்டுட்டன்.”

பட்டம்மாள் தன் எலும்பான கையை விளிம்பில் ஊன்றிக்கொண்டு, பொம்பளைங்க தோளு கேக்கலாமா என்று கேட்டார். அந்தத் தெருவில் பெண்கள் பல்லக்கைத் தொட்டதில்லை. அதற்கு விதி என்ன என்று ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது வெண்மதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாள்.

“வந்துட்டேன் பெரிம்மா. விடு.”

அவளுக்குப் பின்னால் சபாபதி இறங்கினான். அவனுக்கு இருப்பதே போதாதா, இவன் எங்கே இறங்குகிறான் என்று நினைத்தவர்கள் உண்டு. அவன் பட்டம்மாளின் இன்னொரு பக்கம் போய்த் தோளைக் கொடுத்தான். பக்கத்துலயே நடந்தன் பெரிம்மா, எனக்கும் கேக்கல என்றான். பட்டம்மாள் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். மூவருமாகச் சேர்ந்து முழங்கால் அளவுக்கு ஏறி வந்தார்கள். அதற்கு மேல் அன்றைக்கு ஏறவில்லை.

பேனரைக் கண்ணாயிரம் அவிழ்த்தார். புதிதாக ஒன்று கட்டினார்கள். அதில் அருண்குமாரின் படமும் பெயரும் மட்டும் இருக்கின்றன, மாவீரன் இல்லை.

மாசி மகத்தன்று அம்மனைத் தோளில்தான் தூக்கினார்கள். அதற்குள் தெருவில் ஏறக்குறைய எல்லோரும் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக்கொண்டிருந்ததால் நான்கு பக்கமும் ஒரே அளவுக்கு இறங்கி நடந்தது. பல்லக்கு மற்ற ஊர்ச் சாமிகளைவிட ஒரு சாண் தாழ்வாகப் போயிற்று, கிரீடம் நேராக இருந்தது. ரோடு போட வந்த நகராட்சிக்காரர்கள் அந்தத் தெருவில் இருப்பது காலை வைத்தால் புதைகிற பொத மண் என்று முடிவு செய்துவிட்டார்கள், யாரும் திருத்தவில்லை. வெளியூர்க்காரர்கள் வந்தால், பார்த்து இறங்கி வாங்க என்று சொல்வது மட்டும் வழக்கமாகிவிட்டது. தேவனாம்பட்டினத்தில் வேறு ஊர்ப் பூசாரி ஒருவர், உங்க அம்மன் ஏன் இவ்ளோ கீழ வருது என்று கேட்டார். எங்க தெருவுல அப்பிடித்தான் என்று கண்ணாயிரம் சொல்லிவிட்டு வழி விலக்கப் போய்விட்டார். பட்டம்மாள் வெறும் தோளோடு இடது முன்தண்டுக்குப் பக்கத்தில் நடந்து வந்தார். கடலுக்குப் போய்ச் சேர்வதற்குள் சபாபதி இரண்டு முறை தோள் கேட்டான். திரும்பும்போது ஒரு முறை, தண்டு பிடித்து வந்த கண்ணாயிரத்துக்குத் தோள் கொடுத்தான்.